லின்ஸ் நகரில் 1618: கெப்ளரின் மூன்றாம் விதியும் மறுக்கப்பட்ட திருவிருந்தும்

திருச்சபை வரலாற்று வகுப்புகளில் சமயமும் அறிவியலும் எதிர்ப்பட்ட இடம் எது என்று வினவினால், கலிலேயோவின் வழக்கையே நாம் அனைவரும் சுட்டுகிறோம். அவ்வழக்கு 1633இல் உரோமையில் நடந்தது. அது நம்மைச் சேராத ஒரு நீதிமன்றத்தின் குற்றமாதலின், சீர்திருத்தச் சபையாராகிய நாம் அதனைச் சிறிது மனநிறைவோடு எடுத்துரைத்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவதும் உண்டு. ஆனால் அதே தலைமுறையில், லுத்தரன் சபைக்குள்ளேயே, இறையியல் மாணவராய்த் தம் வாழ்வைத் தொடங்கிய ஒருவர் வானியலின் மாபெரும் விதிகளுள் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் அதனைக் கண்ட ஆண்டில் அவருடைய சொந்தச் சபை அவரைத் திருவிருந்துப் பந்திக்கு வெளியே நிறுத்தியிருந்தது. யோகான்னஸ் கெப்ளர் என்னும் அப்பெரியாரைப் பற்றி நம் நூல்கள் ஓரிரு வரிகளே கூறுகின்றன. அவ்வரிகளை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தென் ஜெர்மனியில் வைல் டெர் ஷ்டாட் என்னும் சிறு நகரில் பிறந்தார். வூர்ட்டெம்பெர்க் நாட்டு லுத்தரன் சபை வறிய மாணவர்களுக்கு உதவிப் பணம் அளித்துக் குருத்துவப் பணிக்குப் பயிற்றுவித்துவந்தது. அவ்வுதவியால் அவர் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் இறையியல் இல்லத்தில் சேர்ந்தார். அங்குக் கணிதம் கற்பித்த மிக்கேல் மேஸ்ட்லின், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொப்பர்னிக்கஸின் கொள்கையைத் தேர்ந்த சில மாணவர்க்கு விளக்கிக் கூறிவந்தார். கெப்ளர் அதனை அப்போதே பற்றிக்கொண்டார். எனினும் அவருடைய விருப்பம் பிரசங்க பீடத்தின் மீதே இருந்தது. இறையியல் படிப்பு நிறைவடையும் முன்னரே, 1594இல், ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் நகரத்து லுத்தரன் பள்ளிக்குக் கணித ஆசிரியர் ஒருவர் தேவைப்பட, பல்கலைக்கழகத்தார் அவரை அங்கு அனுப்பிவிட்டனர். அவர் தயக்கத்தோடேயே சென்றார். மறு ஆண்டு மேஸ்ட்லினுக்கு எழுதிய மடலில், இறையியலாளனாக வேண்டுமென்று நெடுநாள் கலங்கியிருந்ததாகவும், வானியலிலும் கடவுள் மகிமைப்படுகிறார் என்பதை இப்போது காண்பதாகவும் குறிப்பிடுகிறார். இம்மடலை மறந்துவிட்டு அவருடைய கணக்குகளை மட்டும் படிப்பவர் அவரைப் பாதியளவே அறிந்தவராவர்.

அவர் தேடியது யாது? ஒவ்வொரு கோளும் சூரியனைச் சுற்றிவர ஒரு குறிப்பிட்ட காலம் எடுத்துக்கொள்கிறது. புதன் 88 நாள்களிலும், வெள்ளி ஏறக்குறைய 225 நாள்களிலும், பூமி ஓர் ஆண்டிலும், செவ்வாய் 687 நாள்களிலும், வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டுகளிலும், சனி ஏறக்குறைய 30 ஆண்டுகளிலும் சுற்றி முடிக்கின்றன. தொலைவு மிகுதோறும் காலமும் மிகுகிறது என்பது பார்த்தவுடனே விளங்கும். எந்த அளவில் மிகுகிறது, ஏன் மிகுகிறது என்பனவே அவருடைய வினாக்கள்.

இவ்வினா பழமையானது போலத் தோன்றினாலும் உண்மையில் அது புதியது. பூமி நடுவில் நிற்பதாகக் கொண்ட தாலமியின் அமைப்பில் கோள்களின் ஒப்புத் தொலைவுகளை வானத்தை நோக்கி அளந்தறிய வழியே இல்லை. ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனிக் கணக்கு; ஒன்றின் அளவு மற்றதன் அளவைக் கட்டுப்படுத்துவதில்லை. 1543இல் வெளிவந்த கொப்பர்னிக்கஸின் நூல் சூரியனை நடுவில் வைத்தபின்னரே தொலைவுகள் தாமாகவே வெளிப்பட்டன. வெள்ளி சூரியனைவிட்டு விலகித் தோன்றும் மிகப் பெரிய கோணம் ஏறக்குறைய 46 பாகை. அந்நிலையில் சூரியன், வெள்ளி, பூமி ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தை அமைக்கின்றன. செங்கோணம் வெள்ளியிடம் இருக்கும். பள்ளிக் கணிதம் அறிந்த எவரும் இதிலிருந்து வெள்ளியின் தொலைவு பூமியின் தொலைவில் ஏறக்குறைய 0.72 பங்கு எனக் கண்டுகொள்ளலாம். ஆகவே கொப்பர்னிக்கஸின் மாற்றம் நடுவிடத்தைப் பற்றியது மட்டுமன்று. கோள்கள் அனைத்தையும் ஒரே அளவுகோலின்கீழ்க் கொணர்ந்து, அவற்றிடையே ஒழுங்கு உண்டா என்று கேட்க இடமளித்ததே அதன் பெரும்பயன்.

கொப்பர்னிக்கஸின் நூலுக்குப் பெயரின்றி ஒரு முன்னுரை சேர்க்கப்பட்டிருந்தது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுவது பொருந்தும். வானியலாரின் கருதுகோள்கள் உண்மையாயிருக்க வேண்டுவதில்லை, கணக்கிற்கு உதவினால் போதும் என்பது அதன் சாரம். அதனை எழுதியவர் நூரன்பெர்க் நகரத்து லுத்தரன் போதகரும் இறையியலாருமான ஆந்திரேயாஸ் ஓசியாண்டர். இச்செய்தியை 1609இல் தம் நூலின் முகப்பேட்டுப் பின்புறத்திலேயே அச்சிட்டு உலகறியச் செய்தவர் கெப்ளர். கடவுளின் படைப்பைப் பற்றிப் பேசுகிறவன், பேசுவது மெய்யா பொய்யா என்று கவலைப்படாதிருத்தல் கூடும் என்ற எண்ணத்தை அவரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. இக்குணம் அவருக்கு வானியலில் புகழ் தேடித் தந்தது. சபையில் துன்பத்தையே தேடித் தந்தது.

1596இல், தம் இருபத்தைந்தாம் வயதில், 'பிரபஞ்சப் புதிர்' எனத் தமிழில் கூறத்தக்க முதல் நூலை அவர் வெளியிட்டார். கோள்கள் ஆறாக இருப்பதற்கும் அவற்றின் இடைவெளிகளுக்கும் காரணம், யூக்ளிடு விளக்கிய ஐந்து ஒழுங்குத் திண்மங்களே என்பது அந்நூலின் கருத்து. ஆறு கோள்களின் ஐந்து இடைவெளிகளில் ஐந்து திண்மங்களையும் கடவுள் பொருத்தியிருக்கிறார் என்று அவர் நம்பினார். இக்கருத்து பிழையானது. 1781இல் யுரேனஸ் கண்டறியப்பட்டதோடு அதற்குச் சிறிதும் இடமில்லாமற் போயிற்று. ஆனால் அதே நூலின் பிற்பகுதியில் சுற்றுக்காலங்களைப் பற்றிய ஒரு முயற்சி உள்ளது. நம் கவனத்திற்குரியது அதுவே.

கோள்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் ஓடுவனவாயின், தொலைவு எத்தனை மடங்கோ காலமும் அத்தனை மடங்கே ஆகும். சனியின் தொலைவு வியாழனின் தொலைவைப்போல் இரு மடங்கினும் குறைவு. காலமோ இரண்டரை மடங்கு. ஆகவே தொலைவிலுள்ள கோள் நீண்ட வழியில் செல்வதோடு மெதுவாகவும் செல்கிறது. இதற்குக் காரணம் சூரியனிடத்திலேயே இருத்தல் வேண்டும் என்று இளைஞரான கெப்ளர் முடிவு செய்தார். விளக்கின் ஒளி தொலைவில் மங்குவதுபோலச் சூரியனின் இயக்கும் ஆற்றலும் தொலைவில் தளர்கிறது என்பது அவர் எண்ணம். வானியல் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுகாறும் கோள்கள் எங்கே தோன்றும் என்று கணித்தவர்கள் பலர். அவற்றை எது இயக்குகிறது என்பதைக் கணக்கோடு சேர்த்துக் கேட்டவர்கள் அரியர்.

காரணத்தை நன்கு ஊகித்தவர் கணக்கில் வழி தவறினார். இரு கோள்களின் காலங்களுக்கிடையே உள்ள வேற்றுமையில் பாதியைச் சிறிய காலத்தோடு கூட்டினால், அக்கூட்டுத்தொகைக்கும் சிறிய காலத்திற்கும் உள்ள விகிதமே தொலைவுகளின் விகிதம் என்று விதித்தார். வியாழனுக்கு 12, சனிக்கு 30 எனக் கொண்டால், வேற்றுமை 18, பாதி 9, கூட்டுத்தொகை 21. 21ஐ 12ஆல் வகுக்க 1.75 வருகிறது. அன்று வழங்கிய கொப்பர்னிக்கஸின் அளவோடு இது நன்றாகவே பொருந்தியது. இன்றைய அளவோ ஏறக்குறைய 1.83. மற்றக் கோள்களிலோ அன்றைய அளவுகளோடும் பொருத்தம் போதவில்லை. மன நிறைவில்லாமலே அவர் அதை அச்சுக்குக் கொடுத்தார். மெய்யான விதியைக் காண அவருக்கு மேலும் 22 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்நூலில் கொப்பர்னிக்கஸின் கொள்கைக்கும் வேதாகமத்திற்கும் முரண் இல்லை எனக் காட்டும் ஓர் அதிகாரத்தையும் சேர்க்க அவர் விரும்பியிருந்தார். டியூபிங்கன் இறையியல் பேராசிரியர் மத்தியாஸ் ஹாஃபன்ரெஃபர் அதனை விட்டுவிடும்படி அன்போடு கேட்டுக்கொண்டார். கணித அறிஞராக மட்டும் பேசுக, சபையில் கலகம் விளைவிக்க வேண்டா என்பதே அவருடைய அறிவுரை. கெப்ளர் இணங்கினார். ஆனால் 1609இல் வெளியிட்ட 'புதிய வானியல்' நூலின் முன்னுரையில் அவ்விளக்கத்தை விரிவாகவே எழுதினார். யோசுவா 10ஆம் அதிகாரமும் சங்கீதங்கள் 19, 104 ஆகியனவும் அதில் ஆராயப்படுகின்றன. வேதாகமம் மாந்தர் கண்ணுக்குத் தோன்றும் முறையில் பேசுகிறது, இயற்பியல் கற்பிப்பது அதன் நோக்கமன்று என்னும் அவ்விளக்கம் வேதவியாக்கியான மாணவர் இன்றும் படிக்கத்தக்கது.

கிராட்ஸில் அவர் நிலைத்திருக்க முடியவில்லை. 1598இல் ஃபெர்டினாண்டு இளவரசர் லுத்தரன் போதகர்களையும் ஆசிரியர்களையும் நாடு கடத்தினார். கெப்ளருக்கு மட்டும் திரும்பிவர அனுமதி கிடைத்தது. 1600இல் அதுவும் முடிந்தது. உரோமைச் சபையில் சேர்வதா, நாட்டைவிட்டு வெளியேறுவதா என்று கேட்கப்பட்டபோது அவர் வெளியேறினார். பிராகாவில் தைக்கோ பிராகி என்னும் டென்மார்க் நாட்டு வானியலாரிடம் சேர்ந்தார். தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில் தைக்கோவின் அளவைகளே ஐரோப்பாவில் மிகவும் நுண்ணியவை. 1601 அக்டோபரில் தைக்கோ மறைய, பேரரசின் கணிதவியலார் என்னும் பதவி கெப்ளருக்குக் கிடைத்தது.

செவ்வாய்க் கோளோடு அவர் நடத்திய போராட்டத்தை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. வட்டப் பாதையைக் கொண்டு அவர் அமைத்த ஒரு கணக்கு, தைக்கோவின் அளவைகளோடு 8 கலை அளவே வேறுபட்டது. ஒரு கலை என்பது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறு வேற்றுமையைத் தைக்கோவின் பிழை எனத் தள்ளிவிட்டிருக்கலாம். தைக்கோவிடம் அத்தகைய பிழை நேராது என்று அறிந்திருந்தமையால் அவர் தம் கணக்கையே தள்ளினார். அதன் விளைவாகக் கோள்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்னும் முதல் விதியும், சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலங்களில் சம பரப்புகளைக் கடக்கிறது என்னும் இரண்டாம் விதியும் கிடைத்தன. இவ்விரண்டும் ஒரு கோள் தன் பாதையில் செல்லும் முறையைக் கூறுவன. ஒரு கோளையும் மற்றொரு கோளையும் இணைக்கும் விதி இன்னும் கிடைக்கவில்லை.

1612இல் அவர் மேல் ஆஸ்திரியாவின் தலைநகரான லின்ஸுக்குக் குடிபெயர்ந்தார். முதல் மனைவி பார்பராவும் ஒரு மகனும் அதற்கு முந்திய ஆண்டில் இறந்திருந்தனர். லின்ஸ் லுத்தரன் நகரம். சபையோடு கூடி வழிபடும் ஆறுதலையாவது பெறலாம் என்று அவர் வந்தார். வந்தவுடன் அந்நகரத்துத் தலைமைப் போதகர் தானியேல் ஹிட்ஸ்லரிடம் சென்று, தம் மனத்திலிருந்த ஒரு ஐயத்தைத் தாமாகவே வெளிப்படுத்தினார். 1577இல் வகுக்கப்பட்ட கன்கார்டு வாய்பாடு என்னும் லுத்தரன் ஒருமைப்பாட்டு அறிக்கையில் கிறிஸ்துவின் மனித உடல் எங்கும் நிறைந்திருத்தல் பற்றிய பகுதி உள்ளது. அதனைத் தம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை என்றும், அதைக் காரணமாகக் காட்டிக் கால்வினியரைக் கண்டனம் செய்யவும் தம் மனச்சாட்சி இடந்தரவில்லை என்றும் கூறினார். பண்டைச் சபைப் பிதாக்கள் அவ்வாறு போதிக்கவில்லை என்பது அவர் வாதம். இவ்வொன்றைத் தவிர மற்ற யாவற்றிலும் அவர் லுத்தரன் விசுவாசியே. நிபந்தனையோடு கையொப்பமிட ஆயத்தமாயிருந்தார். ஹிட்ஸ்லர் அதனை ஏற்கவில்லை. முழுக் கையொப்பம் இல்லையேல் திருவிருந்து இல்லை என்றார். கெப்ளர் ஷ்டுட்கார்ட்டிலுள்ள சபை மன்றத்திற்கு முறையிட்டார். மன்றம் அதே ஆண்டில் போதகர் பக்கமே தீர்ப்பளித்தது.

அவர் வாய்மூடியிருந்திருந்தால் ஒருவரும் அவரை வினவியிருக்கப்போவதில்லை. ஊரெங்கும் பேச்சு எழுந்தது. அவரைக் கால்வினியர் என்றனர் சிலர்; எப்பக்கமும் சேராதவர் என்றனர் சிலர். அவர் 1617இல் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று திருவிருந்தைப் பற்றிய சிறு வினாவிடை நூல் ஒன்றை எழுதி அச்சிட்டார். பந்திக்கு வர அனுமதியில்லாத தகப்பன் அப்பந்தியின் பொருளைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தான் என்பதை ஆயர்களாகிய நாம் சற்று நின்று எண்ணிப்பார்த்தல் தகும்.

அவருடைய தாய் கத்தரீனாவின் மேல் 1615இல் சூனியக்காரி என்ற பழி சுமத்தப்பட்டது. தாய்க்குத் துணைநிற்க அவர் 1617இன் இறுதியில் வூர்ட்டெம்பெர்க்கிற்குப் பயணமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை இறந்தது. 1618 பிப்ரவரியில் மற்றொரு பெண் குழந்தை இறந்தது. தைக்கோவின் அளவைகளைக் கொண்டு கோள் அட்டவணைகள் தயாரிப்பது அவருடைய கடமை. அவ்வேலைக்கு மன அமைதி தேவை. அது இல்லாமையால் அதனை ஒதுக்கிவைத்துவிட்டு, நெடுநாள் மனத்தில் சுமந்துவந்த 'உலகத்தின் இசைவு' என்னும் நூலில் ஈடுபட்டார்.

அந்நூல் இன்றைய வாசகருக்கு விந்தையானது. கோள்கள் சூரியனுக்கு அருகில் விரைவாகவும் தொலைவில் மெதுவாகவும் செல்கின்றன. அவ்விரு வேகங்களின் விகிதங்கள் இசையின் சுர விகிதங்களாக அமைந்துள்ளன என்று காட்டுவதே அதன் ஐந்தாம் பகுதியின் நோக்கம். சூரியனிலிருந்து பார்ப்பவர்க்குச் சனி மிக மெதுவாகச் செல்லும் நாளில் 1 கலை 46 விகலையும், மிக விரைவாகச் செல்லும் நாளில் 2 கலை 15 விகலையும் நகரும். இது ஏறக்குறைய 4க்கு 5 என்ற விகிதம்; நம் இசையில் ஸட்ஜமத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் உள்ள விகிதம் இதுவே. காதால் கேட்கும் ஒலி எதுவும் விண்ணில் இல்லை என்பதை அவர் அறிவார். அறிவினால் மட்டும் கேட்கத்தக்க இசை அது என்கிறார். வேகங்களின் இசைவிலிருந்து தொலைவுகளை வருவிக்க வேண்டுமானால், காலத்தையும் தொலைவையும் இணைக்கும் விதி ஒன்று அவருக்குத் தேவையாயிருந்தது. மூன்றாம் விதி அந்நூலுள் நுழைந்தது இத்தேவையினாலேயே. மணிமுடியாய் வைக்கப்படாமல், ஐந்தாம் பகுதியின் மூன்றாம் அதிகாரத்தில் பதின்மூன்று குறிப்புகளுள் எட்டாவதாக அது நிற்கிறது.

விதி பிறந்த நாள்களை அவரே குறித்துவைத்தார். 1618 மார்ச் 8ஆம் நாள் அவ்வெண்ணம் அவர் மனத்தில் உதித்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது ஏதோ தவறு நேரவே, பொய்யெனத் தள்ளிவிட்டார். மே 15ஆம் நாள் அது திரும்பி வந்தது. இம்முறை தைக்கோவின் அளவைகளில் 17 ஆண்டுகள் உழைத்த உழைப்போடு அது முற்றும் பொருந்தக் கண்டு, கனவு காண்கிறோமோ, முடிவையே தொடக்கத்தில் அனுமானித்துக்கொண்டோமோ என்று தம்மையே ஐயுற்றதாக எழுதுகிறார். எந்த வழியாக அவ்வெண்ணத்தை அடைந்தார் என்பதை மட்டும் அவர் எழுதிவைக்கவில்லை. தம் தவறுகளையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய ஒருவர் இந்த ஒரு வெற்றியின் வழியை மறைபொருளாக விட்டுச்சென்றது வியப்பே.

இனி விதியைக் கூறுவோம். எந்த இரு கோள்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் சுற்றுக்காலங்களின் வர்க்கங்களுக்குள்ள விகிதமும் அவற்றின் சராசரித் தொலைவுகளின் கனங்களுக்குள்ள விகிதமும் ஒன்றே. பூமியின் தொலைவையும் காலத்தையும் ஒன்றெனக் கொண்டால் கணக்கு எளிதாகும். வியாழனின் தொலைவு 5.2. அதன் கனம் 140.6. வியாழனின் காலம் 11.86 ஆண்டுகள். அதன் வர்க்கம் ஏறக்குறைய 140.7. செவ்வாயின் தொலைவு 1.524, கனம் 3.54, காலம் 1.881, வர்க்கம் 3.54. கெப்ளர் தம் நூலில் சனியையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். காலம் 30 ஆண்டுகள். 30இன் கனமூலம் 3க்குச் சற்று மிகும். அதன் வர்க்கம் 9க்குச் சற்று மிகும். சனியின் தொலைவும் அவ்வாறே பூமியின் தொலைவைப்போல் ஒன்பது மடங்கிற்குச் சற்று மிகும். இறையியல் மாணவர் ஒரு தாளை எடுத்து வெள்ளிக்கும் இக்கணக்கைச் செய்து பார்ப்பாராயின், தொலைவு 0.723, காலம் 0.615 எனக் கொண்டு, கெப்ளர் மே 15இல் அடைந்த மகிழ்ச்சியில் ஒரு துளியைத் தாமும் அடைவார்.

தொலைவு நான்கு மடங்கானால் காலம் எட்டு மடங்காகும் என்பது இவ்விதியின் பொருள். பாதையின் நீளம் நான்கு மடங்கே. எஞ்சியது வேகம் பாதியாகக் குறைந்ததனால் நேர்ந்தது. 1596இல் இளைஞர் கெப்ளர் நீண்ட வழி, தளர்ந்த ஆற்றல் என்று இரு காரணம் கூறினாரே, அவ்விரண்டின் மெய்யான கலவை இங்கே எண்ணாக வெளிப்பட்டது. 1621இல் முதல் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது தம் இளமைக் கணக்கின் குறையை அடிக்குறிப்பில் தாமே எடுத்துக்காட்டித் திருத்தினார். கோள்களை இயக்கும் ஆன்மா என்று முன்னர் எழுதியதை விசை எனக் கொள்க என்றும் அங்கே எழுதினார்.

அந்நூலின் ஐந்தாம் பகுதிக்கு அவர் எழுதிய முகவுரையில், எகிப்தியரின் பொற்கலங்களை எடுத்துவந்து கடவுளுக்குக் கூடாரம் அமைத்ததாகத் தம்மைப் பற்றிக் கூறுகிறார். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை நோக்கிய குறிப்பு இது. புறச்சமயத்தாரின் கல்வியைச் சபை பயன்படுத்தலாமா என்ற வினாவிற்கு அகுஸ்தீனும் இதே நிகழ்ச்சியைக் கொண்டே விடையளித்தார் என்பது நம் வாசகர்க்குத் தெரிந்ததே. ஆனால் கெப்ளரின் பெயரால் மேடைகளில் வழங்கும் மற்றொரு கூற்றை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். கடவுளின் எண்ணங்களை அவருக்குப் பின்னே தாம் எண்ணியதாக அவர் சொன்னார் என்பர். அதே கருத்துடைய பகுதிகள் அவருடைய மடல்களில் உண்டு. அச்சொற்களிலேயே அவர் நூல்களில் அதனைக் காண்பது அரிது. பிரசங்கத்தில் மேற்கோள் ஆளுமுன் இதனை நினைவிற்கொள்வது நன்று.

நூல் 1618 மே 27இல் எழுதி முடிந்தது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன், மே 23இல், பிராகா அரண்மனையின் சன்னலிலிருந்து பேரரசரின் ஆட்சியாளர்களைச் சீர்திருத்தச் சபைப் பிரபுக்கள் வெளியே தூக்கியெறிந்தனர். முப்பதாண்டுப் போர் அதிலிருந்து மூண்டது. உலகத்தின் இசைவைப் பற்றிய நூல், கிறிஸ்தவ சபைகள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கிய அதே வாரத்தில் நிறைவெய்தியது. 1619இல் லின்ஸில் அச்சாகி, இங்கிலாந்தின் அரசர் ஜேம்ஸுக்கு அர்ப்பணமாயிற்று.

அவ்வாண்டிலேயே உரோமை அவருடைய 'கொப்பர்னிக்க வானியலின் சுருக்கம்' என்னும் நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டிலேயே ஹாஃபன்ரெஃபரிடமிருந்து இறுதி மறுமொழியும் வந்தது. தம் பழைய ஆசிரியரும் நண்பருமான அவரிடம் திருவிருந்திற்காகக் கெப்ளர் மீண்டும் மன்றாடியிருந்தார். பேராசிரியர் 1619 ஜூலை இறுதியில் எழுதிய மடலில், மனித அறிவின் தடுமாற்றத்தை விட்டுச் சபையின் போதனைக்கு அடங்குமாறும், இல்லையேல் சபை ஐக்கியம் இல்லையென்றும் திட்டமாகக் கூறினார். சில மாதங்களில் ஹாஃபன்ரெஃபரும் இறந்தார்.

ஹிட்ஸ்லரையும் ஹாஃபன்ரெஃபரையும் கொடியவராகத் தீட்டுவது எளிது, அது நேர்மையாகாது. எல்லாப் பக்கமும் நெருக்கப்பட்ட ஒரு சபை தன் அறிக்கையைத் தளர்த்தினால் தானே சிதறிவிடும் என்று அஞ்சியது. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அவர்கள் செய்தது தவறு என்றே நாம் கருதுகிறோம். ஆண்டவருடைய பந்திக்கு வர ஒருவர் உணரவேண்டியவை எவை என்பதும், ஒரு சபையின் போதகர் கையொப்பமிட வேண்டியவை எவை என்பதும் வேறு வேறு. அவர்கள் இரண்டையும் ஒன்றாக்கினர். விசுவாசியான ஒருவர் ஐயத்தை மறைத்திருந்தால் பந்தியில் இடம் பெற்றிருப்பார், வெளிப்படுத்தியதனால் இழந்தார். எட்டுக் கலை வேற்றுமையை மறைக்காத அதே மனச்சாட்சிதான் இங்கும் பேசியது. கெப்ளரிடத்தும் ஒரு விடாப்பிடி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சபையைப் பிளந்து தனிக்கூட்டம் சேர்க்க அவர் ஒருபோதும் முனைந்ததில்லை.

விதியின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். காலம் தொலைவின் ஒன்றரை அடுக்காக மிகுவதற்குக் கெப்ளர் தாமே ஒரு காரணம் கற்பித்தார். பாதையின் நீளம், சூரிய ஆற்றலின் தளர்ச்சி, கோளின் பருமன், அதன் பொருள்நிறைவு ஆகிய நான்கையும் சேர்த்து அவர் அமைத்த விளக்கம் நிலைக்கவில்லை. விதி நின்றது, விளக்கம் வீழ்ந்தது. கலிலேயோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களுக்கும் அதே விதி பொருந்துவதைக் கெப்ளரே காட்டியிருந்தார். சூரியனுக்கு மட்டும் உரிய தனிச்சிறப்பன்று அது என்பதற்கு இது முதல் அறிகுறி. 1687இல் ஐசக் நியூட்டன், தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறையும் ஈர்ப்பு விசையிலிருந்து இவ்விதி வருவதை நிறுவினார். கோளின் சொந்தப் பொருண்மையையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்ற சிறு திருத்தத்தையும் அவர் செய்தார்.

இவ்விதி தொலைவுகளின் விகிதத்தை மட்டுமே தரும். மைல் கணக்கில் ஓர் அளவையும் தராது. ஒரே ஒரு தொலைவை நேரில் அளந்துவிட்டால் எல்லாத் தொலைவுகளும் கிடைத்துவிடும். இதற்காகவே வெள்ளி சூரியனின் முகத்தைக் கடக்கும் காட்சியை 1761இலும் 1769இலும் உலகின் பல மூலைகளிலிருந்து கவனித்தனர். நம் கடற்கரைக்கும் அதில் பங்குண்டு. 1761 ஜூன் 6இல் சென்னைக் கோட்டையில் வில்லியம் ஹெர்ஸ்ட் என்னும் ஆங்கிலக் கப்பற்படைக் குருவானவர் அதனைக் கவனித்து இலண்டனுக்கு எழுதினார். பிரெஞ்சு வானியலார் லெ ஜென்ட்டி 1769இல் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள அந்த அலகுத் தொலைவு 14,95,97,870.7 கிலோமீட்டர் என 2012இல் வானியலார் வரையறுத்துள்ளனர். 1995இல் வேறொரு சூரியனைச் சுற்றும் கோள் ஒன்று கண்டறியப்பட்டபோது, அதன் சுற்றுக்காலம் நான்கு நாள்களுக்குச் சற்று மிகுதி என்பதிலிருந்தே தொலைவு கணக்கிடப்பட்டது. நம் விண்மீன் மண்டலத்தின் நடுவில் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு விண்மீனின் பாதையைக் கொண்டு, அங்கே மறைந்திருக்கும் பொருளின் நிறை ஏறக்குறைய 40 இலட்சம் சூரியன்கள் என்று மதிப்பிட்டதும் இதே விதியின் வழியாகவே.

கெப்ளரின் தாய் 1620 ஆகஸ்டில் சிறைப்பட்டார். மகன் லின்ஸைவிட்டு வந்து வழக்காடினார். 1621 அக்டோபரில் விடுதலை பெற்ற அம்மூதாட்டி மறு ஆண்டில் காலமானார். 1623இல் கெப்ளர் தம் விசுவாச அறிக்கையை ஒரு சிறு நூலாக அச்சிட்டார். 1626இல் லின்ஸ் முற்றுகையிடப்பட்டு அவருடைய அச்சகம் எரிந்தது. கோள் அட்டவணைகளைத் தூக்கிக்கொண்டு அவர் ஊல்ம் நகருக்குச் சென்று 1627இல் அவற்றை வெளியிட்டார். உரோமைச் சபையில் சேர்ந்தால் பேரரசரிடம் பெரும் பதவி பெறலாம் என்று மீண்டும் அழைப்பு வந்தது. பந்தியில் இடந்தராத தம் சபையை விட்டு அவர் அகலவில்லை. 1630 நவம்பர் 15ஆம் நாள், தமக்கு வரவேண்டிய ஊதியப் பாக்கியைக் கேட்கச் சென்ற வழியில், ரேகன்ஸ்பர்க் நகரில் இறந்தார். நகர மதிலுக்குப் புறத்தேயிருந்த லுத்தரன் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். சில ஆண்டுகளுக்குள் போர்ப்படைகள் அத்தோட்டத்தை அழித்துவிட்டன. அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது.